கடைசிப் பக்கத்தில் கத்துகிறவள்

வெள்ளவத்தை, கொழும்பு
16.02.1986

அன்புள்ள பூசணி,

கொழும்புக்கு வந்து நாலு நாளாகிவிட்டது. அப்புத்துரை மாமா கப்பல் கொம்பனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வைப்பித்துவிட்டார். கப்பல் குசினியில் வேலை. கோப்பை கழுவ அட்வான்ஸ் லெவல் படிப்புத் தேவையில்லை என்று மாமா சிரிக்கிறார். அடுத்த கிழமை ஏறுகிறேன். உமது சிநேகிதி எமிலி பிரித்துப் பார்க்கமாட்டாள் என்று நீர் சொன்னதை நம்பி அவள் வீட்டு விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன்.

நாரந்தனைச் சந்தியில் நான் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றபோது நீர் வந்தீர். ரியூசன் கொப்பிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலை நிமிராமல், என்னைத் தாண்டிப் போனீர். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் ஜப்பான் புத்தகத்தின் கடைசிப் பக்கம் அப்படியே கண்முன்னால் நடந்தது. அங்கே பூமரம், இங்கே பூவரசு, அவ்வளவுதான் வித்தியாசம். நானும் அந்தப் பெடியனைப் போலவே சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா கொண்டுவந்த பீங்கான் உடையாமலிருக்க இடையில் செருகியிருந்த படக்கதைப் புத்தகம் அது. ஓரெழுத்து விளங்காது. நான் தங்கிப் படித்த வீட்டில், சீதேவிச் சின்னம்மாவிடம் நீர் தையல் பழக வந்த நாட்களில் நான் படத்தைப் பார்த்துக் கதை சொல்ல, நீர் பேச்சுக் குமிழிகளுக்குள் பென்சிலால் தமிழ் எழுதினீர். முதற் பக்கத்தில் ரெயில் மேடையில் வாய் பிளந்து கத்திக்கொண்டு ஓடுகிற பெண்பிள்ளை, கடைசிப் பக்கத்தில் எவ்வளவு அமைதியாக அவனைக் கடந்துபோகிறாள்! பதினாறு வயசுப் பிள்ளைகள். சண்டையில்லை, சாபமில்லை, மெல்ல மெல்ல ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்கிறார்கள். இந்தப் பக்குவம் எங்கள் ஊரில் நரைத்தவர்களுக்கும் இல்லை என்று நீரே சொன்னீர். இப்போது நாங்கள் செய்து காட்டிவிட்டோம். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கப்பல் முகவரின் சிங்கப்பூர் விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. எழுதும்.

குழந்தைவேலு


சுருவில்
09.03.1986

அன்புள்ள வேலு,

உமக்குப் பெருமை, எனக்குக் காய்ச்சல்.

உம்மைத் தாண்டியபிறகு பத்தடிக்கு ஒருதரம் நடையைக் குறைத்தேன். ‘பூசணி’ என்று ஒருதரம் கூப்பிடுவீர் என்று நினைத்தேன். நீர் கூப்பிடவில்லை. முடக்குத் திரும்பி, பஸ் போன சத்தம் அடங்குமட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரியூசனுக்குப் போகவில்லை. எமிலி வீட்டுக் குசினியில் இருந்து அழுதேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “விசரி, திரும்பிப் பாத்தா என்ன, கழுத்து முறிஞ்சு போமே?” என்று கேட்டாள். புத்தகத்தில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்றா சொல்வது?

இன்னொன்று. அந்தக் குமிழிகள் எல்லாம் நெடுப்பமாக, ஒடுக்கமாக இருந்தன. ‘என்னை விட்டுவிட்டு ஏன் போகிறீர்’ என்று எழுத அதில் இடமில்லை. ‘சரி’, ‘ஓம்’, ‘போ’, இவைதான் அடங்கின. அந்தப் பிள்ளைகள் குறைவாகப் பேசுகிறார்கள், எவ்வளவு பெரிய மனது என்று நாங்கள் வியந்தோமே, அது இட நெருக்கடி. என் எழுத்தும் குண்டு எழுத்து.

பக்க இலக்கமும் ஞாபகம் வருகிறது. எல்லாப் பக்கத்திலும் இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. முதலில் நூற்றெண்பதோ என்னவோ, பிறகு நூற்றிருபது, பிறகு நாற்பது. ஏன் தலைகீழாக இறங்குகிறது என்று கேட்டேன். “ஜப்பான்காரர் அப்பிடித்தான் எண்ணுறவை” என்றீர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் உமக்கு இல்லை. நானும் கேட்டுக்கொண்டிருந்தேன், என்னைச் சொல்ல வேண்டும்.

கடலில் தலை சுற்றிச் சத்தி வந்தால் தேசிக்காயை மணந்து பாரும்.

பூசணி


சுருவில்
12.06.1986

வேலு,

உமது பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்க நேரமில்லாதபடியால் மறுபடி எழுதுகிறேன்.

எனக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது. புங்குடுதீவு ஆள். தம்பிஐயா என்று பெயர். முப்பத்தொரு வயசு. மேற்கு ஜேர்மனியில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை. குறிப்புப் பொருந்திவிட்டது. கலியாணத்தைத் திருச்சியில் வைத்து, அங்கிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. இந்தக் காலத்தில் பெண்பிள்ளையை இங்கே வைத்திருப்பதும் அடுப்படியில் மண்ணெண்ணெய் வைத்திருப்பதும் ஒன்று என்று வருகிறவர் போகிறவரெல்லாம் அப்பாவுக்குச் சொல்லுகிறார்கள். ஆவணி முடியமுதல் சொல்லுக் கொடுக்க வேண்டும்.

வளைத்துப் பேசாமல் கேட்கிறேன். நீர் என்னைக் கட்டுவீரா, மாட்டீரா? ஓம் என்றால் அப்பாவுக்கு ஒரு கடிதம் போடும். இல்லையென்றால் எனக்குப் போடும். இப்போதே கட்டச் சொல்லவில்லை. உமக்கு மேலே இரண்டு அக்காமார் இருக்கிறார்கள். அவர்கள் கரையேறமுதல் நீர் கலியாணம் என்று வாய் திறந்தால் உமது அம்மா உம்மை நெடுந்தீவில் இறங்கவிடமாட்டா. அது எனக்குத் தெரியாதா? காத்திரு என்று எழுதும். எத்தனை வருசமென்று மட்டும் எழுதும். ஐந்தென்றாலும் இருப்பேன், ஏழென்றாலும் இருப்பேன். அப்பா கோபக்காரர் இல்லை. ஆனால் கேட்காத பெண்ணை எடுத்துக் கொடுக்க அவரால் ஏலாது.

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் இருந்தால் அதைவிட வெட்கம்.

பூசணி


சிங்கப்பூர்
30.07.1986

அன்புள்ள பூசணி,

உமது இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. கை எண்ணெயில் சுட்டுவிட்டது. அதனால் எழுத்துக் கோணலாக இருக்கும்.

நிறைய யோசித்தேன். அன்பு என்றால் ஒருவரைப் பிடித்து இழுத்து வைத்திருப்பதல்ல. கப்பல்காரனுக்கு இன்று ஒரு துறை, நாளை ஒரு துறை. என்னை நம்பி உமது நல்வாழ்வைப் பாழாக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? நீர் எந்த முடிவெடுத்தாலும் அதை மதிக்கிற மனப்பக்குவம் எனக்கு உண்டு. உமக்கு எது நன்மையோ அதுவே எனக்கு மகிழ்ச்சி. நாங்கள் சாதாரணப் பிள்ளைகளைப் போல அழுது குழறி நடக்கவேண்டியதில்லை. இதை நாலுதரம் எழுதிக் கிழித்து, ஐந்தாம் தரம் எழுதுகிறேன்.

அக்காமாரைப் பற்றி நீர் எழுதியிருக்கத் தேவையில்லை. அது எங்கள் வீட்டுச் சோலி.

என்றும் உமது நலம் நாடும்
குழந்தைவேலு


கோபே துறைமுகம்
05.10.1986

பூசணி,

பெரிய பிழை விட்டுவிட்டோம். பிழை என்னுடையதுதான்.

கப்பல் இங்கே மூன்று நாள் நிற்கிறது. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு புத்தகக் கடை. எங்களுடையதைப் போலவே தடித்த படக்கதைகள் சுவர் நிறைய இருந்தன. ஒன்றை எடுத்து, நாங்கள் திறக்கிறபடியே திறந்தேன். கடைக்கார அம்மா ‘த்சு’ என்று உச்சுக்கொட்டினா. எழும்பி வந்து, புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, மறுபக்கம் திருப்பித் திரும்பவும் தந்தா. பிறகு விரலால் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகக் கோடு இழுத்துக் காட்டினா. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

விளங்குகிறதா? பூமரத்தடியில் கடந்துபோவது கடைசிப் பக்கம் இல்லை. அதுதான் முதற் பக்கம்! அவர்கள் பிரியவில்லை. அவர்களுக்கு இன்னும் அறிமுகமே ஆகவில்லை. நாரந்தனைச் சந்தியில் நாங்கள் செய்தது முடிவே இல்லை, தொடக்கம். நான் கடையிலிருந்து கப்பல்வரை ஓடி வந்தேன். உம்மிடம் சொல்லவேண்டும் என்ற ஒரே நினைப்பு.

புத்தகம் உமது அலுமாரியில் இருக்குமே. மறுபக்கத்திலிருந்து ஒருதரம் பாரும். பார்த்துவிட்டு, நான் நினைக்கிறதைத்தான் நீரும் நினைக்கிறீரா என்று எழுதும். ஆவணி போய்விட்டது என்று தெரியும். இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அப்பாவிடம் நீர் கேட்டுப் பார்க்கலாம்தானே?

வேலு


சுருவில்
23.11.1986

வேலு,

நீர் நினைக்கிறதை நான் எப்படி நினைப்பது? நீர் என்ன நினைக்கிறீர் என்று இந்தக் கடிதத்திலும் எழுதவில்லையே. பொறுக்கச் சொல்லிக் கேட்பதும் நானே, நினைப்பதும் நானே. உமக்கு ஓடுவது மட்டும்தான் வேலை.

ஆவணியில் நடந்ததை முதலில் சொல்கிறேன். உமது சிங்கப்பூர்க் கடிதம் வந்து எட்டு நாள் கையில் வைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் பின்னேரம் அப்பா மாட்டுக்கு ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்றேன்.

“அப்பா, எனக்கு ஒருத்தரில விருப்பம்.”

கிழித்த ஓலையைக் கீழே வைத்தார். “ஆர்?”

“சீதேவியக்கா வீட்டில நிண்டு படிச்ச நெடுந்தீவுப் பெடியன்.”

“ஆள் உன்னைக் கேட்டவனோ?”

அதற்கு என்னிடம் ஓம் இல்லை. உமது கடிதம் இருந்தது. அதையே கொடுத்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டுதரம் வாசித்தார். அடிப்பார், கத்துவார் என்று நான் நின்றேன். அவர் கடிதத்தை முன்னிருந்த மடிப்பிலேயே மடித்துத் தந்தார்.

“பெடியன் பக்குவமானவன், பிள்ளை. உன்னை வேண்டாமெண்டதை எவ்வளவு மரியாதையாச் சொல்லியிருக்கிறான்.”

நக்கலாகச் சொல்லவில்லை, வேலு. உண்மையாகவே உம்மை மெச்சிச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் போனது. அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. பிறகு பசித்தது, சாப்பிட்டேன்.

புத்தகத்தைப் பார்த்தேன். நீர் சொன்னபடி வலப்பக்கத்திலிருந்து, ஒரு மத்தியானம் முழுக்க. என் பென்சில் எழுத்தெல்லாம் பிழையான இடத்தில் கிடக்கிறது. அவன் அவளைத் தேடி வந்து நிற்கிற இடத்தில் ‘போ’ என்று எழுதியிருக்கிறேன். நாங்கள் கும்பிட்ட பிள்ளைகளில் ஒரு பக்குவமும் இல்லை. சும்மா சும்மா கோபிக்கிறார்கள். பொறாமைப்படுகிறார்கள். ஒளித்து நின்று பார்க்கிறார்கள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பி வீட்டுக்குப் போகிறார்கள். உம்மையும் என்னையும் போல. கடைசியில் அவன் ரெயில் ஏறுகிறான். அவள் மேடையில் சப்பாத்துக் கழன்றது தெரியாமல் ஓடுகிறாள். வாயைப் பிளந்து, அத்தனை சனத்துக்கு முன்னால், வெட்கம் கெட்டுக் கத்துகிறாள். அந்தக் குமிழி மட்டும் பக்கத்தில் பாதி. அதற்குள் எவ்வளவும் எழுதலாம். அதைப் பார்த்துத்தான் பக்குவம் வராத காலம் என்று நீர் கதை சொன்னீர். அவளுக்குப் பக்குவம் வந்ததே அங்கேதான்.

உமக்கு உள்ளது பக்குவமில்லை, பயம். அம்மாவுக்குப் பயம், அக்காமாரின் கண்ணீருக்குப் பயம், நாளைக்கு யாராவது ‘நீதானே கேட்டாய்’ என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். பயம் எனக்கும் இருந்தது. அதோடுதான் போய் அப்பாவுக்கு முன்னால் நின்றேன். காத்திரு என்று ஒரு சொல் நீர் எழுதியிருந்தால் அதைக் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன். அக்காமார் உங்கள் வீட்டுச் சோலி என்றீரே, என்னை ஏழு வருசம் காத்திருக்க வைக்கக்கூடிய சோலி அது ஒன்றுதான். அதைக்கூட எனக்குத் தரவில்லை.

அப்பா இன்னும் முடிவாகச் சொல்லுக் கொடுக்கவில்லை. எனக்காகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறார், எனக்குத் தெரியும். போன கிழமை அந்தத் தம்பிஐயா எனக்கு நேரே ஒரு கடிதம் எழுதியிருந்தார். நாலு வரி. பேசுகிறமாதிரியே எழுதியிருக்கிறார். “எனக்கு உங்கட படம் பிடிச்சிருக்கு. முன்மயிர் கொட்டிற்றுது, என்ர படத்தில தெரியாது. கோவம் வரும், கெதியாப் போயிடும். உங்களுக்கு விருப்பமோ? இல்லாட்டி இப்பவே சொல்லுங்கோ, நான் ஒண்டும் நினைக்கமாட்டன்.” வாசித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. நான் உம்மிடம் ஆறு மாதமாகக் கேட்டது இந்த நாலு வரியைத்தான்.

தை மாதம் முடியமுதல் அவருக்குப் பதில் எழுத வேண்டும். நான் இனி உம்மைக் கேட்கமாட்டேன்.

நாகபூசணி


சிங்கப்பூர்
11.01.1987

பூசணி,

உமது கடிதம் இன்றுதான் முகவரிடமிருந்து வந்தது. பயந்தவன் என்று எழுதியிருக்கிறீர். ஓம்.

உடனே இருந்து உமது அப்பாவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். மூன்று பக்கம். எனது நிலை, பொறுப்புகள், எல்லாவற்றையும் நல்ல தமிழில், அவர் மனம் நோகாதபடி விளக்கியிருக்கிறேன். கப்பலில் என்னோடு வேலை செய்கிற மட்டக்களப்பு அண்ணை வாசித்துவிட்டு, இப்படியொரு கடிதத்தை எந்தத் தகப்பனும் தட்டமாட்டான் என்றார். மூன்று மணிக்குத் தபால் எடுப்பார்கள். இனி எல்லாம் அவர் கையில்.

தயவுசெய்து அந்த ஜேர்மனிக்காரருக்கு எழுதவேண்டாம். எழுதியிருந்தால் திருப்பி எழுதும்.

வேலு


சுருவில்
02.03.1987

வேலு,

இங்கே தபால் ஓடாமல் நின்று, பிறகு ஓடியது. எனக்கும் அப்பாவுக்கும் நீர் எழுதிய இரண்டு கடிதங்களும் போன வியாழக்கிழமை ஒன்றாக வந்தன. தை முடிந்து ஒரு மாதமாகிவிட்டது. நான் தம்பிஐயாவுக்குப் பதில் எழுதியும் ஆகிவிட்டது. விமானச் சீட்டுப் போட்டாயிற்று. நாளை விடிய அப்பாவும் நானும் கொழும்புக்கு வெளிக்கிடுகிறோம். அங்கிருந்து திருச்சி.

பிந்தி வந்ததால்தான் இப்படி ஆனது என்று நீர் நினைத்து ஆறுதல்படக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா உமது கடிதத்தை என்னை இருத்தி வைத்து வாசித்தார். ஒவ்வொரு பக்கமும் முடிய நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். முடித்துவிட்டுக் கேட்டார்.

“நிப்பாட்டவோ, பிள்ளை? ஒரு தந்தி காணும். வெக்கக்கேடு எனக்குத்தான், அதை நான் பாப்பன்.”

அப்பாவிடம் இப்படி ஒரு கேள்வி இருக்குமென்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சொல்லுக் கொடுத்த மனிசன். ஊர் முழுக்கத் தெரியும். பெட்டி கட்டி முன் அறையில் இருக்கிறது. ஓம் என்ற சொல் வாய்க்குள் வந்துவிட்டது, வேலு. அதை உமக்குச் சொல்லாமல் விட்டால் நானும் உம்மைப் போல ஆகிவிடுவேன்.

கடிதத்தை வாங்கி நானே ஒருதரம் வாசித்தேன். கடமை இருந்தது. குடும்பச் சூழ்நிலை இருந்தது. ‘இரு குடும்பங்களின் நன்மையைக் கருதி’ இருந்தது. ‘தங்கள் புதல்வி’ நாலு இடத்தில் இருந்தா. கடைசியில், ‘தங்கள் சித்தம் எதுவாயினும் அதற்குக் கட்டுப்படுவேன்.’

“அப்பா, இதில என்ர பேர் எங்கயாவது இருக்கோ?” என்று கேட்டேன்.

அவர் விளையாட்டாக எடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்று பக்கத்தையும் விரல் வைத்துத் தேடினார். தேடி முடிய, எனக்காக இன்னும் ஒருதரம் முதற் பக்கத்திலிருந்து தேடத் தொடங்கினார். அந்த வயசு மனிசன், உமக்காக, இல்லாத ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

“விடுங்கோ அப்பா. தந்தி வேண்டாம்.”

எனக்குத் தம்பிஐயாவில் விருப்பமில்லை. அதையும் அவருக்கு எழுதிவிட்டேன். எனக்கு உங்களைத் தெரியாது, விருப்பம் வேறொருவரில், அவர் என்னைக் கேட்கவில்லை, இதை அறிந்துகொண்டு வருவதென்றால் வாருங்கோ என்று. “சரி. வாறன்” என்று பதில் வந்தது. அவர் நல்லவரோ கெட்டவரோ எனக்குத் தெரியாது. திருச்சியில் போய்த்தான் முகம் பார்க்க வேண்டும். பயமாக இருக்கிறது. என்ன செய்ய, கேட்டவர் அவர் ஒருவர்தான்.

எமிலியிடம் புது விலாசம் கொடுத்திருக்கிறேன். நீர் எழுதினால் அவள் அங்கே அனுப்பிவிடுவாள். அதனால் எழுதவேண்டாம். வந்தால் நான் வாசிப்பேன், வேலு.

நாகபூசணி